எலும்பைப் பிளந்த சிறுவன்: நார்ஸ் புராணத்திலிருந்து ஓர் அனிமேஷன் சாகசக் கதையை உருவாக்கும் முறை

நார்ஸ் புராணத்தை (வைக்கிங் காலத்து வட ஐரோப்பியரின் தெய்வக் கதைகளை) வைத்துச் சிறுவர்களுக்காக அனிமேஷன் படம் எடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ரக்னரோக்கிலிருந்து, அதாவது தெய்வங்களே மாண்டுபோகும் இறுதிப் போரிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். ஓநாயும் பாம்பும் எரியும் வானமும் திரையில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அந்தக் கதைக்குள் நுழைய வாசல் இருக்காது. வாசல் வேண்டுமென்றால், ஏழைக் குடியானவன் ஒருவனின் வீட்டில் நடந்த இரவுச் சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள்.

இத்தகைய கதைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. 'வயதுக்கு வரும் கதை' என்றால் மஞ்சள் நீராட்டு விழாதான் நினைவுக்கு வரும். 'தாயில்லாப் பிள்ளையை அத்தைதான் ஆளாக்கினாள்' என்று சொல்கிறோமே, அந்தப் பொருளில் இதை 'ஆளாகும் கதை' என்று வைத்துக்கொள்கிறேன்.

மூலத்தை முதலில் படியுங்கள்

ஐஸ்லாந்தைச் சேர்ந்த ஸ்நோரி ஸ்டுர்லுசன் (1179–1241) ஏறத்தாழ 1220ஆம் ஆண்டில் தொகுத்த 'எட்டா' என்னும் புராண நூலில் இந்தக் கதை இருக்கிறது. சுத்தியல் ஏந்திய இடித்தெய்வம் தோரும் சூழ்ச்சிக்காரன் லோகியும் ஆட்டுக்கிடாய்கள் இழுக்கும் வண்டியில் பயணம் செய்து, இருட்டும் நேரத்தில் ஒரு குடியானவன் வீட்டில் தங்குகிறார்கள். தோர் தன் கிடாய்கள் இரண்டையும் அறுத்து, கொப்பரையில் வேகவைத்து, வீட்டாரையும் உடன் உண்ண அழைக்கிறான். தோலை நெருப்புக்கு அப்பால் விரித்து, எலும்புகளை எல்லாம் அதன்மேல் போடச் சொல்கிறான். வீட்டுப் பிள்ளை தியால்வி ஒரு தொடை எலும்பைக் கத்தியால் பிளந்து மஜ்ஜையைத் தின்றுவிடுகிறான். விடியுமுன் தோர் எழுந்து, தோலின்மேல் சுத்தியலை உயர்த்தியதும் கிடாய்கள் உயிரோடு எழுகின்றன. ஒன்றுமட்டும் பின்காலை நொண்டுகிறது. தோரின் கோபத்துக்கு ஈடாகத் தியால்வியும் அவன் உடன்பிறந்தவள் ரோஸ்க்வாவும் அவனுக்குப் பணியாளர்களாகிறார்கள். கிடாய்களை அங்கேயே விட்டுவிட்டு நால்வரும் கடல் கடந்து, கிழக்கே அரக்கர்களின் யோட்டுன்ஹைமுக்கு நடக்கிறார்கள்.

வீட்டை விட்டுப் போகக் காரணம், திரும்பிப் போக முடியாத நிலை, துணைக்கு நம்பத்தகாத ஒருவன், முன்கோபியான ஒரு தலைவன் என்று நமக்கு வேண்டிய அத்தனையும் முதல் பத்து நிமிடத்திலேயே கிடைத்துவிடுகின்றன.

எட்டா பொதுச்சொத்து, அதன் அண்மைக்கால மொழிபெயர்ப்புகள் அப்படியல்ல. ஆகவே கதையை எடுத்துக்கொள்ளுங்கள், மொழிபெயர்ப்பாளரின் சொற்களை எடுக்காதீர்கள். அதைவிட முக்கியமாக, காமிக்ஸ் வழியாக நம் தலைக்குள் புகுந்தவற்றைக் களைந்துவிடுங்கள். பழைய நூல்களில் லோகி, தோரின் சகோதரன் அல்லன். தெய்வங்களின் தலைவன் ஓடினோடு இரத்தம் கலந்து உறவு கொண்டவன். தோருக்குச் செந்தாடி. சுத்தியலின் கைப்பிடி குட்டையானது, ஏனெனில் அது செய்யப்படும்போது ஈ ஒன்று குள்ளக் கொல்லனைக் கடித்து வேலையைக் கெடுத்தது. இப்படிப்பட்ட விவரங்களே உங்கள் படத்தைப் பிறர் படத்திலிருந்து வேறுபடுத்திக் காட்டும்.

குற்றம் யாருடையது, கண் யாருடையது

ஆடு நொண்டியானதற்கு லோகிதான் காரணம் என்று ஹிமிஸ்க்விதா என்னும் பழம்பாடல் சொல்கிறது. ஆகையால், லோகி சிறுவனின் காதில் ஓதித் தூண்டிவிட்டதாக எழுதும் ஆசை எவருக்கும் வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. பிறர் தூண்டிச் செய்த தவற்றுக்குத் தண்டனை பெறும் பிள்ளையின்மேல் நமக்கு இரக்கம் வரும், அவ்வளவுதான். தானே பசித்து, தானே கத்தியை எடுத்து, 'ஓர் எலும்புதானே' என்று தனக்குள் சொல்லிக்கொண்டவனுக்கு மட்டுமே வளர்வதற்கு இடம் இருக்கிறது.

அந்தக் காட்சியை அவசரப்பட்டு முடிக்காதீர்கள். வீட்டின் நடுவே நீளவாக்கில் எரியும் அடுப்பு, கூரையடியில் தங்கிய புகை, நெடுநாள் கழித்து இறைச்சி கண்ட முகங்கள் ஆகியவற்றைக் காட்டிய பிறகு, ஒளியின் எல்லையில் உட்கார்ந்திருக்கும் சிறுவனின் கைக்கு வாருங்கள். கத்தி முனை எலும்பின் விளிம்பில் நிற்கட்டும், பேச்சொலிகள் மங்கட்டும், 'சடக்' என்ற சிறிய ஓசை மட்டும் கேட்கட்டும். எதிர்ப்பக்கத்தில் ரோஸ்க்வா தலைநிமிர்ந்து பார்க்கிறாள், ஒன்றும் சொல்லாமல் மறுபடி குனிந்துகொள்கிறாள்.

ரோஸ்க்வாவைப் பற்றி ஸ்நோரி சொல்வது மிகவும் குறைவு. அவள் பயணத்தில் உடன் செல்கிறாள், ஆனால் எங்குமே வாய் திறப்பதில்லை. கதை எழுதுபவருக்கு இது புதையல் கிடைத்த மாதிரி. அந்த மௌனத்தை விடுபட்ட விவரமாகக் கருதாமல், அவளே எடுத்த முடிவாக மாற்றுங்கள்: அன்றிரவு பார்த்ததைச் சொல்லியிருந்தால் விடியுமுன் ஏதாவது செய்திருக்கலாம் என்ற உறுத்தலோடு அவள் நடக்கிறாள். தியால்விக்குக் கையை அடக்கத் தெரியவில்லை, ரோஸ்க்வாவுக்கு வாயைத் திறக்கத் தெரியவில்லை. படம் முழுவதற்கும் இந்த இரண்டும் போதும். மூன்றாவது ஒன்றைச் சேர்க்க வேண்டாம்.

காட்டில் ஓர் இரவு

இடையில் ஸ்க்ரீமிர் என்னும் அரக்கன் வரும் நிகழ்ச்சி நகைச்சுவைக்கு ஏற்றது. இருட்டில் பெரிய மண்டபம் என்று நினைத்துப் படுக்கிறார்கள். நள்ளிரவில் நிலம் குலுங்குகிறது. மற்றவர்கள் உள்ளறை ஒன்றில் ஒடுங்கிக்கொள்ள, தோர் வாசலில் சுத்தியலோடு காவல் இருக்கிறான். காலையில் பார்த்தால் குலுக்கியது அந்த அரக்கனின் குறட்டை, மண்டபம் அவனுடைய கையுறை, உள்ளறை அதன் கட்டைவிரல். மறுநாள் இரவு தூங்கும் அவன் தலையில் தோர் மூன்று முறை ஓங்கி அடிக்கிறான். விழித்தெழும் அரக்கன், இலை விழுந்ததா என்றும், கருவாலிக்கொட்டை விழுந்ததா என்றும், பறவைகள் குப்பையைத் தள்ளிவிட்டனவா என்றும் கேட்கிறான். பார்வையாளர் அளவு ஒப்பீட்டை இழக்கும்படி மண்டபக் காட்சியை அருகிலிருந்தே வரையுங்கள். கையுறையின் தையலைத் தூண்களாகவும் மடிப்புகளைச் சுவர்களாகவும் காட்டினால், காலையில் உண்மை வெளிப்படும்போது அவர்கள் தாங்களே ஏமாந்ததாக உணர்வார்கள்.

ஓட்டப்பந்தயத்தைத் தோற்க விடுங்கள்

படத்தின் நெஞ்சு இங்கேதான் இருக்கிறது. உட்கார்டா-லோகி என்னும் அரக்க மன்னனின் கோட்டையில் ஒவ்வொருவரும் தத்தம் திறமையைக் காட்ட வேண்டும். தியால்வி யாரோடு வேண்டுமானாலும் ஓடுகிறேன் என்கிறான். ஹுகி என்ற சிறுவனோடு மூன்று முறை ஓட விடுகிறார்கள். முதல் ஓட்டத்தில் ஹுகி எல்லையை அடைந்து, திரும்பி நின்று இவனை எதிர்கொள்கிறான். இருந்தும், இவனைவிட வேகமான மனிதர் எவரும் இங்கே வந்ததில்லை என்று மன்னனே சொல்கிறான். இரண்டாவதில் ஓர் அம்பு பாயும் தூரம் பின்தங்குகிறான். மூன்றாவதில் பாதி வழிகூட வரவில்லை. பின்னர் தோரும் தோற்கிறான்: கொம்பிலிருந்த பானத்தைக் குடித்துத் தீர்க்க முடியவில்லை, பூனையின் ஒரு பாதத்தை மட்டுமே தரையிலிருந்து எழுப்ப முடிகிறது, ஒரு கிழவியிடம் மல்யுத்தத்தில் ஒரு முழங்காலை ஊன்றிவிடுகிறான். மறுநாள் காலை கோட்டைக்கு வெளியே வந்த பிறகே மன்னன் உண்மையைச் சொல்கிறான். ஹுகி என்பது மன்னனின் எண்ணம், கொம்பின் நுனி கடலில் இருந்தது, பூனை உலகைச் சுற்றிக் கிடக்கும் பாம்பு, கிழவி முதுமை.

என் முதல் வரைவில் மூன்றாவது ஓட்டத்தில் சிறுவனை வெல்ல வைத்திருந்தேன். எழுதி முடித்துப் படித்தபோது கதையே செத்துக் கிடந்தது. தான் தோற்றது எண்ணத்தோடு ஓடித்தான் என்பதைத் தெரிந்துகொள்ளும் சிறுவன், தன் தெய்வமும் அதே கூடத்தில் முழங்காலை ஊன்றியதைப் பார்த்த சிறுவன், வென்ற சிறுவனைவிடப் பெரியவன். அவனை வெல்ல வைத்தால் மன்னனின் விளக்கத்துக்குப் பொருளே இல்லாமல் போகும்.

இனி இதை எப்படி வரைவது என்று பார்ப்போம். ஒரு நொடிக்கு 24 பிரேம்கள். பெரும்பாலான கைவரை அனிமேஷனில் ஒரு படத்தை இரண்டு பிரேம்களுக்கு நிறுத்துவதால், நொடிக்கு 12 படங்கள் போதும். தியால்வியின் ஓட்டத்தை மட்டும் பிரேமுக்கு ஒன்றாக, 24 படங்களாக வரையுங்கள். மூச்சு, வியர்வை, புரளும் மண் எல்லாம் அவன் உடலில் தெரியட்டும். ஹுகிக்கு நேர் எதிர்மாறாகச் செய்ய வேண்டும். முதல் ஓட்டத்தில் அவனுக்குச் சில இடைப்படங்கள் (இரு முக்கிய நிலைகளுக்கு நடுவே வரையும் படங்கள்) இருக்கட்டும். இரண்டாவதில் அவற்றைப் பாதியாகக் குறையுங்கள். மூன்றாவதில் ஒன்றுகூட வேண்டாம். கோட்டில் நிற்கிறான், அடுத்த பிரேமில் எல்லையில் நிற்கிறான். அவன் காலடியில் ஒருபோதும் புழுதி எழக்கூடாது. ரோஸ்க்வா அந்தப் புழுதியில்லாத தரையை ஒரே ஒரு ஷாட்டில் உற்றுப் பார்க்கட்டும், இம்முறை தோரின் சட்டையைப் பிடித்து இழுத்து வாய் திறக்கட்டும். தோர் காதில் வாங்கிக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை; அவள் பேசிவிட்டாள்.

பெயர்கள்

தமிழில் எழுதும்போது மட்டும் வரும் சிக்கல் ஒன்று உண்டு. அதே கோட்டையில் லோகியோடு சாப்பாட்டுப் போட்டியில் இறங்கி, இறைச்சியோடு எலும்பையும் தொட்டியையும் சேர்த்து விழுங்குபவன் பெயரும் நம் எழுத்தில் 'லோகி' என்றே வரும். மூலத்தில் ஒன்றில் ககரம் வல்லொலி, மற்றதில் மெல்லொலி. நமக்கு இரண்டுக்கும் ஒரே எழுத்து. போதாக்குறைக்கு மன்னன் பெயரிலும் ஒரு லோகி இருக்கிறான். அந்தத் தின்னிப் போட்டியாளன் உண்மையில் காட்டுத்தீ என்பதால் 'சுடரன்' என்று பெயர் வைக்கத் தோன்றும். வைத்தால் புதிர் அவிழ்ந்துவிடும். இன்றைய ஐஸ்லாந்துக்காரர்கள் அப்பெயரை ஏறத்தாழ 'லொயி' என்று உச்சரிக்கிறார்கள், அதையே வைத்துக்கொள்ளலாம். மன்னனை வசனங்களில் 'கோட்டை மன்னன்' என்று அழைத்தால் போதும்.

காட்சிக்கான ஆதாரங்கள்

கொம்பு வைத்த தலைக்கவசம் வேண்டாம். நார்வேயின் கெர்முண்ட்புவில் 1943இல் கிடைத்த வைக்கிங் காலத் தலைக்கவசத்தில் கொம்பு இல்லை. 1876இல் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசைநாடகத்துக்காகத் தைத்த உடைகள் வழியாகவே அந்தக் கற்பனை பரவியது. மரவேலைப்பாடுகளுக்கு, 1904–05இல் நார்வேயில் தோண்டியெடுத்த வைக்கிங் கால ஓசபர்க் கப்பலைப் பாருங்கள். பண்டைய வட ஐரோப்பியரின் ரூன் எழுத்துகளை அலங்காரத்துக்காக இஷ்டம்போல் தூவாதீர்கள். வைக்கிங் காலத்து வரிசையில் 16 எழுத்துகள்தான். டென்மார்க்கின் லோலாண்ட் தீவில் கிடைத்த சிறிய சுத்தியல் தாயத்து ஒன்றில் 'இது சுத்தியல்' என்று ரூனில் பொறித்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் எழுதிவைத்த அந்த எளிமையான வரி, சிறுவன் கழுத்தில் தொங்கவிடத் தகுந்தது.

கடைசிக் காட்சி

கோட்டை மறைந்து வெட்டவெளியானதும் படத்தை முடித்துவிடாதீர்கள். பிள்ளைகள் அதன்பின் எப்போதும் தோரோடு இருந்தார்கள் என்று மூலம் சொல்வதால், அவர்கள் கிடாய்களை விட்டுவந்த வீட்டுக்கு ஓர் இரவு திரும்பி வருவதாக எழுத இடம் இருக்கிறது. மறுபடி அதே அடுப்பு, அதே கொப்பரை, விரித்த தோல். தியால்வியின் கையில் மஜ்ஜை நிரம்பிய தொடை எலும்பு; பக்கத்தில் கத்தி; நடந்து களைத்த பசி. இம்முறை இசை வேண்டாம், வசனமும் வேண்டாம். எலும்பை அவன் முழுதாகத் தோலின்மேல் வைக்கும் அந்த ஷாட்டைக் குறைந்தது நான்கு நொடியாவது நிறுத்துங்கள். விடிந்ததும் இரு கிடாய்களும் எழுந்து வண்டியை நோக்கி நடக்கட்டும். நொண்டிக் கிடாயின் ஊனக்காலை மற்றக் காலைவிடப் பாதி பிரேம்களே தரையில் ஊன்ற விடுங்கள்.