கன்னத்தில் சோற்றை அடக்கும் பழக்கம்: நாங்கள் மாற்றிய விதம்

எங்கள் மகனுக்கு இரண்டரை வயது. செல்போனில் பாட்டு ஓடினால்தான் வாய் திறக்கும். வாங்கிய சோறு கன்னத்துக்குள் பத்து நிமிடம் ஊறும். துப்பினால் தட்டை எடுத்துவிடுவோம். கோளாறே அங்கேதான்: துப்பினால் சாப்பாடு முடியும் என்று நாங்களே பழக்கியிருந்தோம்.

முதலில் பசி வரவேண்டும். தினம் 800 மில்லி போய்க்கொண்டிருந்த பாலை ஒரு வாரத்தில் 400 ஆக்கி, அதையும் சாப்பாட்டுக்குப் பிறகே கொடுத்தோம். இரண்டு வேளைக்கு நடுவே இரண்டரை மணி நேரம் தண்ணீர் மட்டும், பிஸ்கட் கிடையாது.

போனை ஒரேயடியாகப் பிடுங்கவில்லை. முதல் நாள் மூன்று வாய் போன் இல்லாமல், இரண்டு நாளுக்கொருமுறை இன்னும் இரண்டு வாய்.

ஒரு வாய் என்றால் அரை டீஸ்பூன், குழைந்த பருப்புச் சோறு. விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினால் அந்த நொடியே "அட, காலி!". துப்பினால் திட்டும் இல்லை, கெஞ்சலும் இல்லை. துடைத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து, இன்னும் சின்ன வாயாக நீட்டுவோம். வாயைப் பிடித்துத் திணிப்பது மட்டும் கூடவே கூடாது. 20 நிமிடம் ஆனதும் தட்டை எடுத்துவிடுவோம்.

மூன்றாம் நாள் அழுகை கூடியது. அன்று இளகிப் போனைக் கொடுத்தால், அடுத்த நாள் இன்னும் உரக்க அழுவான். (பாட்டியைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு.)

விழுங்கும்போது இருமல், புரையேறல், எடை ஏறாமை, மலச்சிக்கல் இருந்தால் இதைத் தொடங்கும் முன்பே குழந்தை மருத்துவரைப் பாருங்கள். பால் அதிகம் குடிக்கும் பிள்ளைக்கு இரும்புச்சத்துக் குறைவும் பசியைக் கெடுக்கும். படுக்கப் போடும் முன் கன்னத்துக்குள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அடக்கிய சோறு தூக்கத்தில் தொண்டையை அடைக்கலாம்.