டர்பனில் விடியற்காலை 4:45 மணி வெயில்: படுக்கையறையை இருட்டாக்கும் வழி

டிசம்பரில் டர்பன் சூரியன் ஐந்து மணி வரைகூடப் பொறுக்காது, 4:45 வாக்கிலேயே வந்து நிற்கும். தென்னாப்பிரிக்கா முழுக்க ஒரே கடிகாரம், நாம் இருப்பதோ கிழக்கு ஓரம், கேப் டவுன்காரர்களுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் தூக்கம் பாக்கி. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் படுக்கையறை ஜன்னல் கிழக்குப் பார்த்தது. சொல்லவே வேண்டாம்.

கண்ணை மூடினாலும் இமை வழியாக வெளிச்சம் கொஞ்சம் உள்ளே போகும். விழித்திரையில் சில செல்களுக்கு, வெளிச்சத்தை அளந்து மூளையிலுள்ள கடிகாரத்துக்குச் சொல்வதுதான் முக்கிய வேலை, நீல வெளிச்சம் என்றால் அவற்றுக்கு நன்றாக உறைக்கும், உடனே தூக்கத்துக்கான ஹார்மோனான மெலட்டோனின் சுரப்பு குறையும். தூக்கம் மட்டும் கெடுவதில்லை. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 20 பேரை வைத்துச் செய்து 2022ல் வெளியிட்ட ஆய்வில், 100 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தில் ஒரே ஒரு இரவு தூங்கியவர்களுக்கு ராத்திரி இதயத்துடிப்பு கூடியது, காலையில் இன்சுலினுக்கு உடல் சரியாகக் கேட்கவில்லை. சர்க்கரை இருக்கும் வீடுகள் இதைக் கவனிக்கவும், நம்மில் அது எத்தனை வீடு என்று உங்களுக்கே தெரியும்.

சரி, என்ன செய்யலாம்? எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் படுத்து, பத்து நிமிடம் கழித்துக் கையை நீட்டிப் பாருங்கள். விரலை எண்ண முடிந்தால் வெளிச்சம் அதிகம், இது என் சொந்தக் கணக்கு. எங்கள் வீட்டில் திரைத்துணியைக் குறை சொல்லிப் பயனில்லை, வெளிச்சம் வந்ததெல்லாம் பக்கத்து இடுக்கிலும் மேலே கம்பிக்கும் சுவருக்கும் நடுவிலும்தான். ஜன்னலைவிட இரு பக்கமும் ஒரு சாண் நீளமான கம்பி போட்டு, துணியின் ஓரத்தைச் சுவரோடு ஒட்டினாற்போல மடக்கி விட்டேன், பாதிப் பிரச்சினை தீர்ந்தது. தடித்த துணி போட்டால் டிசம்பர் புழுக்கத்தில் காற்று வராதே என்பீர்கள். உண்மைதான், அதனால் கீழே மட்டும் தளர்வாக விட்டு ஃபேன் போட்டுக்கொள்கிறோம்.

அப்புறம் வெளியே எரியும் செக்யூரிட்டி லைட். திருட்டுப் பயத்தில் அணைக்க முடியாது, ஆனால் விளக்கின் தலையைத் தரை பார்த்துத் திருப்பி, ஆள் நடமாடினால் மட்டும் எரியும்படி சென்சார் வைக்கலாம். பக்கத்து வீட்டு விளக்கு என்றால் நேரில் போய்ச் சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

ஊர்ப் பழக்கத்தில் நீல ஜீரோ வாட் பல்பு போடுகிறவர்கள் அதைச் சிவப்பாக மாற்றி, கட்டிலுக்குக் கீழ் மட்டத்தில் வைக்கவும், பாத்ரூம் போக அது போதும். போனைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள், விடுங்கள். மின்வெட்டு நேரத்தில் படுக்கப் போனால் சுவிட்சை ஒருமுறை தடவிப் பாருங்கள். 2023ல் எங்கள் வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்து, மறந்துபோன ட்யூப்லைட் பளிச்சென்று எரிந்ததில் குழந்தை எழுந்து விளையாடவே ஆரம்பித்துவிட்டாள்.

ஜூனில் கதை தலைகீழ். சூரியன் எழவே ஏழு மணி நெருங்கும், அப்போது திரையைப் பாதி திறந்து வைத்துத்தான் படுக்கிறேன், இல்லாவிட்டால் எழுந்திருக்கவே மனம் வருவதில்லை.