பாலுக்கு மீட்டர் போடுறப்ப பண்ணக்கூடாத தப்புகள்

பால் சொசைட்டிக்குப் புதுசா டெஸ்டரா வர்ற பசங்களப் பாக்குறேன், நாங்க அந்தக் காலத்துல அடிச்ச அதே கூத்தத்தான் அடிக்கிறாங்க. பால்ல மிதக்க விட்டு டென்சிட்டி பாக்குற லாக்டோமீட்டரக் கழுவணும் துடைக்கணும்னெல்லாம் சொல்லப் போறதில்ல, அது உங்களுக்கே தெரியும். டென்சிட்டின்னா என்னன்னு பிடிபடாம மீட்டரக் கையில எடுக்கறாங்க பாருங்க, வினையே அங்கதான்.

கெட்டிப் பால்னா டென்சிட்டி அதிகம்னு நெனைக்கிறது

ஒரு லிட்டர் எவ்ளோ எடை இருக்கு, டென்சிட்டி அவ்ளோதான். கெட்டியா ஊத்துதா, தண்ணியா ஓடுதாங்கறது தனிக் கணக்கு. பாலாடை எவ்ளோ கெட்டி, ஆனா மேலதான மிதக்குது? பால் கொழுப்போட டென்சிட்டி 0.93 பக்கம், தண்ணிய விடக் கம்மி. பால் சுமாரா 1.028ல இருந்து 1.032 வரைக்கும் இருக்கும், மீட்டர்ல 28, 32ன்னு நாம படிக்கிறது அந்தக் கடைசி ரெண்டு நம்பரத்தான்.

கறந்த சூட்டோட மீட்டரப் போடுறது

இதுக்குத்தான் எனக்கு இன்னும் கோவம் வரும். ஒரு சொசைட்டில ஒரு அக்கா, வீடு ரெண்டு சந்து தள்ளி, கறந்த கையோட கேனத் தூக்கிட்டு வந்துரும், பால்ல கை வச்சா கதகதன்னு இருக்கும், புதுப் பையன் அப்படியே ஜாடில ஊத்தி மீட்டர விட்டான், 26 காட்டுச்சு, வரிசைல அத்தன பேர் நிக்கும்போது "தண்ணி ஊத்துனீங்களாக்கா"ன்னு கேட்டுட்டான். "மாடு குடிச்ச தண்ணிதான் தம்பி, நான் ஊத்தல"ன்னுச்சு அந்தக்கா. அன்னிக்கு ரேட்ல வெட்டு.

நடந்தது என்னன்னா, நம்ம மீட்டர் 27 டிகிரி சூட்டுக்குன்னு செஞ்சது. சூடான பால் விரியும், அதே எடை கூடுதல் எடத்தப் பிடிக்கும், டென்சிட்டி இறங்கும், மீட்டரும் கீழ முங்கும். 27க்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் 0.2 கூட்டணும். பால் 37 டிகிரில இருந்தா 2 கூட்டணும், 26 வந்து 28 ஆயிரும், அக்கா மேல ஒரு தப்பும் இல்ல! அதோட, கறந்த உடனே பால்ல காத்து சிக்கிக் கிடக்கும், கொழுப்பும் இன்னும் இறுகியிருக்காது, அதனால சூட்டுக்குக் கூட்டினாக்கூட ரீடிங் கொஞ்சம் கம்மியாத்தான் நிக்கும். முடிஞ்சா ஒரு மணி நேரம் போகட்டும். இதுல கொடும என்னன்னா, தூரத்துல இருந்து வண்டில ஆறி அலுங்கி வர்ற பாலுக்கு நல்ல ரீடிங், பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு கெட்ட பேரு.

தெர்மாமீட்டர் இல்லாம மீட்டரத் தொடாதீங்க.

நுரையோட பாக்குறது

ஒதுக்கிட்டுப் பாருங்க.

ஜாடி ஓரத்துல மீட்டர் ஒட்டி நிக்கிறது

அது ரீடிங்கே இல்ல.

30 வந்தா பால் சுத்தம்னு நம்புறது

தண்ணி கலந்தா ரீடிங் இறங்கும், கொழுப்ப எடுத்தா ஏறும். ரெண்டையும் சேத்துப் பண்ணா? கொழுப்பெடுத்த பால் 36 காட்டுதுன்னு வைங்க, அதுல 5 லிட்டருக்கு 1 லிட்டர் தண்ணி ஊத்துனா அழகா 30ல வந்து நிக்கும். உப்பு, சர்க்கரை, யூரியா போட்டும் ரீடிங்க ஏத்தலாம். மீட்டருக்கு எடை மட்டுந்தான் தெரியும், உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. அதனால கொழுப்பு டெஸ்ட்டையும் கையோட போட்டுருங்க, சந்தேகம் இருந்தா அந்த சாம்பிள தனியா எடுத்து வச்சிட்டு அப்புறமா ஆளக் கூப்டுப் பேசுங்க, வரிசைல வச்சு வேணாம்.