ஓய்வூதியர் சங்கத்தின் வரலாற்றை எழுதும் முறை

ஒக்டோபர் 8ஆம் திகதி ஓய்வூதியர் தினத்தையொட்டி மலர் வெளியிட விரும்பும் சங்கம், வாழ்த்துச் செய்திகளைச் சேர்ப்பதற்கு முன்னர் தனது வரலாற்றை எழுதத் தொடங்க வேண்டும். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோர ஊர்களில் இது எளிய வேலையன்று. 1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளியிலும், 1990இன் போர்க்கால இடப்பெயர்விலும், 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலையிலும், செயலாளர்களின் வீட்டு அலுமாரிகளோடு ஏடுகளும் போயின.

ஆகவே மூத்த உறுப்பினர்களிடமிருந்தே தொடங்குங்கள். சங்கம் எந்த ஆண்டு தொடங்கியது என்று கேட்டால் பலர் தடுமாறுவர்; ஆனால் "சூறாவளிக்கு முன்னரா, பின்னரா? முதற்கூட்டம் நடந்த பள்ளிக்கூடத்துக்கு அப்போது ஓட்டுக்கூரையா, தகரமா?" என்று கேட்டால் ஆண்டு தானாக நெருங்கி வரும். அவர்களது அனுமதியுடன் கைபேசியில் பதிவு செய்து, அன்றே எழுதி வைத்துவிடுங்கள்.

எஞ்சிய ஏடுகளுள் கூட்டறிக்கைப் புத்தகத்தையே எல்லோரும் தேடுவர். அதில் தீர்மானங்கள் இருக்கும். ஆனால் சங்கம் ஊருக்கு என்ன செய்தது என்பதைக் காசேடும் பொருட்பதிவேடும்தான் காட்டும் என்பது என் உறுதியான கருத்து. கதிரை, தறப்பாள், பெற்றோல்மக்ஸ் ஆகியவற்றை எந்த மரண வீட்டுக்கு, எப்போது கொடுத்தார்கள், வாடகை வாங்கினார்களா, தள்ளுபடி செய்தார்களா என்பதை வரிவரியாகப் பாருங்கள். உறுப்பினரல்லாத குடும்பங்களின் பெயர்கள் அங்கே வந்தால், அதுவே சங்கத்தின் சமூகப் பணிக்குச் சான்று.

வெளியிலும் தேட வேண்டும். அம்பாறை 1961இலேயே தனி மாவட்டமாகியது; எனவே அதற்கு முற்பட்ட கல்முனை, திருக்கோவில் பகுதிக் கடிதத் தொடர்புகளை மட்டக்களப்புக் கச்சேரியின் (மாவட்டச் செயலகத்தின்) ஆவணங்களிடையே தேடுவதே முறை. 1930இல் தொடங்கிய வீரகேசரியிலும் 1932இல் தொடங்கிய தினகரனிலும் ஊர்ச் செய்திகளைப் பார்க்கலாம். பழைய இதழ்களுக்குக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தை நாடுங்கள். 'நூலகம்' என்னும் இணைய ஆவணத் தளத்தில் உங்கள் ஊர்ப் பாடசாலை மலர்கள், கோயில் மலர்கள் உள்ளனவா என்றும் பாருங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் சேவைக் குறிப்புகள் அவற்றில் கிடைக்கக்கூடும்.

ஏட்டில் ஏறாத பணிகளுக்குத் தனி அத்தியாயம் ஒதுக்குங்கள். ஓய்வூதியர் உயிருடன் இருப்பதை உறுதிசெய்யும் உயிர்வாழ் சான்றிதழுக்காக, நடக்க இயலாதவரின் வீட்டுக்குச் சென்றவர் யார், கணவரை இழந்த பெண்ணுக்கு விதவைகள் அநாதைகள் ஓய்வூதியப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துப் பிரதேச செயலகத்துக்கு உடன் சென்றவர் யார் என்று விசாரித்து, உதவி பெற்றவர்களின் வாய்மொழியாகவே எழுதுங்கள்.

போரில் இறந்த அல்லது காணாமற்போன உறுப்பினர்களைப் பற்றி எழுதுமுன் குடும்பத்தாரின் சம்மதத்தைப் பெறுவது கட்டாயம். அவர்கள் விரும்பாத விவரத்தை, எவ்வளவு முக்கியமானதாக இருந்தாலும், விட்டுவிடுங்கள்.

எழுதி முடித்ததை அச்சகத்துக்குக் கொடுக்குமுன் பொதுக்கூட்டத்தில் வாசித்துத் திருத்தங்களைக் கேளுங்கள். மூல ஏடுகளின் ஒளிப்படப் பிரதிகளை ஒரே வீட்டில் வைக்காமல், ஊர் நூலகத்திலும் கரையோரத்திலிருந்து விலகி வாழும் உறுப்பினர் ஒருவரிடமும் ஒப்படையுங்கள்.