ஃபர்ஸ்ட் காப்பி கடிகாரத்தின் மிஷினை வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

பொங்கலுக்கு துபாயிலிருந்து வந்த மச்சான் கையில் ரோலக்ஸ் என்று எழுதிய கடிகாரம் மின்னியது. கும்பகோணத்தில் எங்கள் தெருவே அதைத் தொட்டுப் பார்த்தாயிற்று. யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, "ஃபர்ஸ்ட் காப்பிதான் மாப்ளே. வெளியில சொல்லிடாதீங்க. ஒழுங்கா ஓடுமான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்றார். ஃபர்ஸ்ட் காப்பி என்றால் அசலைப் பார்த்து அச்சாகச் செய்த போலி.

விற்றவரைப் போய்க் கேட்க முடியாது. நம் நாட்டில் போலி முத்திரையோடு பொருள் விற்பது 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டப்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அதனால் பில்லும் கிடையாது, கேரண்டியும் கிடையாது. நாமே சோதித்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு நோட்டு, ஒரு பேனா, கைபேசி, ஒரு வாரப் பொறுமை இருந்தால் போதும். பின்மூடியைத் திறக்க வேண்டாம்.

உள்ளே என்ன இருக்கும்?

நகல் கடிகாரங்களில் பெரும்பாலும் சீன மிஷின்தான் இருக்கும். மலிவானவற்றில் அதிகம் காணப்படுவது டிஜி2813. ஜப்பானின் மியோட்டா 8215-ஐப் பார்த்துச் செய்தது. கொஞ்சம் விலை கூடினால், சுவிஸ் ஈடிஏ 2824-இன் சீன நகல். இன்னும் கூடினால் ரோலக்ஸ் 3135-ஐயே அச்சாகப் பார்த்துச் செய்தவை. சீன மிஷின் என்றாலே மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே மிஷின் ஒருவருக்கு ஐந்து வருஷம் ஓடும், அடுத்தவருக்கு ஐந்து மாதத்தில் நிற்கும். எண்ணெய் போட்டார்களா, போட்ட எண்ணெய் சரியான இடத்தில் விழுந்ததா, ஒழுங்குபடுத்திய பிறகுதான் மூடினார்களா என்பதற்கெல்லாம் அங்கே பொறுப்பாளி இல்லை.

முதல் படி: சாவி கொடுங்கள்

சாவியை இடப்பக்கமாகத் திருகினால் மரை கழன்று வெளியே வரும். பிறகு வலப்பக்கமாக மெதுவாக 30 சுற்று. கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக்கில் சாவி முறுகி நின்றுவிடாது, எண்ணித்தான் நிறுத்த வேண்டும். சுற்றும்போது மணல் அரைபடுவது போல் விரலில் உணர்ந்தால் அது நல்லதற்கில்லை. பின்பக்கம் கண்ணாடி வைத்த கடிகாரம் என்றால் ரோட்டாரையும், அதாவது கை அசையும்போது சுழன்று சாவி ஏற்றும் அரைவட்டத் தகட்டையும், கவனியுங்கள். ஈடிஏ நகல்களில், நீங்கள் சாவி கொடுக்கும்போது ரோட்டார் மின்விசிறி மாதிரி சேர்ந்து சுற்றினால் ரோட்டாரின் சுழற்சியை ஒரே திசைக்கு மாற்றித் தரும் ரிவர்சிங் சக்கரங்கள் எண்ணெய் இல்லாமலோ அழுக்கேறியோ சிக்கியிருக்கின்றன.

அப்புறம் காதருகே வைத்து மெல்ல ஆட்டுங்கள். டிஜி2813-இல் ரோட்டார் ஒரு திசையில் சும்மா சுழன்று 'விர்ர்' என்கும், அது இயல்பு. உலோகம் உரசும் சத்தம் கேட்டால் ரோட்டார் திருகு தளர்ந்திருக்கலாம். எனக்குத் தெரிந்த தவில்காரர் ஒருவர் ஆட்டோமேட்டிக் கட்டிக்கொண்டே ஒரு முகூர்த்த சீசன் முழுக்க வாசித்தார். மூன்றாம் மாதம் அந்தத் திருகு மிஷினுக்குள் உருண்டுகொண்டிருந்தது.

இரண்டாம் படி: விநாடி முள்ளை எண்ணுங்கள்

கைபேசியில் ஸ்லோ மோஷனை விநாடிக்கு 240 ஃபிரேம் என்று வைத்து டயலைப் படமெடுங்கள். பார்க்கும்போது எட்டு மடங்கு மெதுவாக ஓடும். அதில் முள் 8 விநாடிக்கு 8 தாவல் தாவினால் மிஷின் மணிக்கு 28,800 துடிப்பு, 6 தாவினால் 21,600, 5 என்றால் 18,000. இப்போதைய அசல் ரோலக்ஸ் ஆட்டோமேட்டிக்குகளில் பெரும்பாலானவை 28,800. மச்சானுடையது 6 தாவியது. முகம் சுருங்கிவிட்டது. சீக்கோவின் என்ஹெச்35-உம் 21,600-தான், அது நம்பி வாங்கக்கூடிய மிஷின் என்று சொல்லித் தேற்றினேன். துடிப்பு எண்ணிக்கை மிஷினின் வகையைச் சொல்லும், அதன் உடம்பு எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லாது.

டயலுக்குள் சின்ன வட்டங்கள் இருந்தால் பக்கத்துப் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். நிறுத்துக் கடிகாரம் ஓடத் தொடங்குவதற்குப் பதிலாகக் கிழமை மாறினால் சிரித்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

மூன்றாம் படி: ஏழு நாள் கணக்கு

இதுதான் முக்கியமான சோதனை. கைபேசி நேரத்தைத் தானியங்கியில் விட்டு, அதைப் பார்த்துக் கடிகாரத்தை விநாடி சுத்தமாக வையுங்கள். சாவியை வெளியே இழுத்தும் விநாடி முள் நிற்காவிட்டால் பயப்பட வேண்டாம், பல மலிவு மிஷின்களில் நிற்காது. அப்போது எத்தனை விநாடி வித்தியாசம் என்று குறித்துக்கொண்டு தொடங்குங்கள். இரவு 9 மணியிலிருந்து 3 மணி வரை தேதியை மட்டும் திருப்பாதீர்கள். தேதி மாற்றும் பற்கள் அப்போது கடித்துக்கொண்டிருக்கும், திருப்பினால் உடையும்.

தினமும் ஒரே நேரத்தில், காலைக் காப்பிக்கு முன் என்று வைத்துக்கொள்ளுங்கள், எத்தனை விநாடி முந்துகிறது, பிந்துகிறது என்று எழுதுங்கள். துல்லியத்துக்கான சுவிஸ் காஸ்க் சான்றிதழ் பெற நாளுக்கு −4 முதல் +6-க்குள் ஓட வேண்டும். மியோட்டா 8215-க்கு அதன் நிறுவனமே சொல்லும் எல்லை −20 முதல் +40 வரை. ஆகவே +15 என்று வந்தால் குறையே இல்லை.

ஆனால் எண்ணைவிட அது நிலையாக இருக்கிறதா என்று பாருங்கள். +14, +16, +13, +15 என்று வந்தால் ஆரோக்கியமான மிஷின். ரிப்பேர்காரர் உள்ளே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்பியை ஒரு இழை நகர்த்தினால் சரியாகிவிடும். +3, −25, +40, −8 என்று வந்தால் சராசரி அழகாகத்தான் தெரியும், மிஷினோ நோயாளி. இதை நெம்பியால் திருத்த முடியாது, பிரித்துக் கழுவி எண்ணெய் போட வேண்டும்.

திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் முந்தினால் வேறு கதை. ஸ்பீக்கர், காந்தம் வைத்த கைபேசி உறை போன்றவற்றின் அருகில் வைத்து துடிப்பின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறியிருக்கும். கடைக்காரர் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவார்.

நான்காம் படி: எத்தனை மணி நேரம் தாங்குகிறது?

முழுச் சாவி கொடுத்து மேசையில் படுக்க வைத்துவிடுங்கள். 38 முதல் 42 மணி நேரம் ஓடினால் நல்லது. 30-க்குள் நின்றால் சாவியின் முறுக்கைச் சேர்த்துவைக்கும் மெயின் ஸ்பிரிங்கிலோ எண்ணெயிலோ கோளாறு. எப்போது நின்றது என்பதையும் எழுதுங்கள். பலவீனமான மிஷின் நள்ளிரவை ஒட்டி நிற்கும். தேதித் தட்டைத் தள்ளும் கூடுதல் சுமையை அதனால் இழுக்க முடியாது.

தண்ணீர்

டயலில் 100 மீட்டர் என்று எழுதியிருக்கும். நம்ப வேண்டாம். ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் இறங்கும்போது கழற்றி வையுங்கள். ஐப்பசி அடைமழையில் கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள். நாகப்பட்டினம், பூம்புகார் பக்கம் உப்புக்காற்றில் இருப்பவர்கள் இன்னும் சீக்கிரம்.

ரிப்பேருக்குப் போனால்

எங்கள் ஊரில் ஐம்பது வருஷமாக கண்ணில் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் கேட்டேன். என் அப்பாவின் எச்எம்டி ஜனதாவைத் தூக்கிக் காட்டினார். 17 கல், 18,000 துடிப்பு. "அந்த வாட்ச் ஃபேக்டரியையே மூடிட்டாங்க, ஆனா இதுக்கு என் டப்பாவுல இன்னும் சாமான் இருக்கு தம்பி. உங்க மச்சானோடதுக்கு எங்கேர்ந்து எடுக்கிறது?" மலிவு மிஷினைக் கழுவுவதைவிடப் புது மிஷின் போடுவதே லாபம் என்றார். அதுவும் அதே வகையாக இருக்க வேண்டும். விநாடி முள்ளின் துளை ஈடிஏ வகைக்கு 0.25 மில்லிமீட்டர், என்ஹெச்35-க்கு 0.20. மாற்றிப் போட்டால் முள் உட்காராது.

மச்சான் நோட்டில் முதல் ஐந்து நாளும் +18-ஐ ஒட்டியே இருந்தது. எனக்கே ஆச்சரியம். ஆறாம் நாள் கட்டத்தில் விநாடி எதுவும் இல்லை, '11.52' என்று மட்டும் எழுதியிருக்கிறார்.