லிஃப்ட் கணக்கும் எடை மெஷினும்

அக்கா மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். லிஃப்ட் கணக்கு வந்தாலே விடை தப்பும். மேலே போனால் எடை கூடும், கீழே போனால் குறையும் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். லிஃப்ட் போகும் திசை முக்கியமே இல்லை, முடுக்கம் எந்தப் பக்கம் என்பதுதான் விஷயம். சொன்னால் ஏறவில்லை.

சரி என்று எடை மெஷினை எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்டுக்குள் வைத்து அவளை ஏற்றி நிறுத்தினேன். (முள் உள்ள பழைய மெஷின்தான் இதற்கு லாயக்கு, டிஜிட்டலில் எண் ஒரே இடத்தில் நின்றுவிடும்.) மேலே கிளம்பியதும் முள் கூடியது. நடுவழியில் வழக்கமான எடைக்கே வந்துவிட்டது. மாடி நெருங்கி வேகம் தணிந்தபோது, இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கும்போதே, குறைந்தது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அப்புறம் நோட்டில் ஆளை ஒரு புள்ளியாக்கி இரண்டே அம்புக்குறி போட்டோம்: கீழே எடை, மேலே தளம் தள்ளும் விசை (மெஷின் காட்டுவது இதைத்தான்). மேல்திசைக்கு நேர்க்குறி. 60 கிலோ ஆள் 2 மீ/வி² முடுக்கத்தோடு மேலே கிளம்பினால், தளம் தள்ளும் விசை 60 × (9.8 + 2) = 708 நியூட்டன் (9.8 புவியீர்ப்பு முடுக்கம்). அதே அளவில் வேகம் தணிந்து நின்றால் 60 × (9.8 − 2) = 468. கீழே இறங்கி நிற்கப்போகும்போது? “708 தானே மாமா” என்றாள், உடனே. கேபிள் அறுந்தால் என்றும் கேட்டாள். பூஜ்யம். அதை மட்டும் சோதித்துப் பார்க்கவில்லை.