திமிங்கலத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

செய்திகளில் பெரும்பணம் வைத்து ஆடும் எல்லோரையும் 'ஹை ரோலர்' என்றும் 'வேல்' (whale, அதாவது திமிங்கலம்) என்றும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். உல்லாசக் கப்பல் ஒன்றின் கேசினோவில் (சூதாட்டக் கூடத்தில்) பாக்கரா என்ற சீட்டாட்ட மேசையில் ஆடுபவர்களுக்குச் சீட்டுப் போட்டவன் நான். எனக்கு இரண்டும் ஒன்றல்ல.

முதலில் ஆளின் கடிகாரத்தையும் உடையையும் பார்ப்பதை விடுங்கள். தங்கத்தில் குளித்தவர் போல வந்து, குறைந்தபட்சப் பந்தயத்திலேயே இரவைக் கழிப்பவர்கள் ஏராளம்.

நான்கு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள்: ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாகக் கட்டும் பணம், மணிக்கு எத்தனை ஆட்டம், எத்தனை மணி நேரம், அந்த ஆட்டத்தில் கேசினோவுக்கு உள்ள சாதகம் (கட்டும் பணத்தில் சராசரியாக கேசினோவுக்குத் தங்கும் சதவீதம்). நான்கையும் பெருக்குங்கள். பாக்கராவில் 'பேங்கர்', 'பிளேயர்' என்று இரண்டு பக்கம்; எது ஜெயிக்கும் என்று பணம் கட்ட வேண்டும். 'பேங்கர்' பக்கம் கட்டினால் சாதகம் 1.06 சதவீதம், 'பிளேயர்' பக்கம் 1.24. ('டை', அதாவது இரண்டும் சமம் என்று கட்டினால் 14 சதவீதத்துக்கும் மேல். அதில் கட்டுபவரை எந்த கேசினோவும் அன்போடு கவனிக்கும்.) தோராயமாக 1.2 என்று வையுங்கள். ஆட்டத்துக்கு 1,000 டாலர், மணிக்கு 70 ஆட்டம், 4 மணி நேரம் என்றால் கேசினோ எதிர்பார்க்கும் வரவு 3,360 டாலர். இவர் ஹை ரோலர். அதே ஆள் 1,00,000 டாலர் கட்டினால் 3,36,000. இவர்தான் வேல். நிஜத்தில் அன்றைக்கு அவர் ஜெயித்தாரா தோற்றாரா என்பது இந்தக் கணக்கில் வராது. இலவச அறை, சாப்பாடு, தனி விமானம் எல்லாம் இந்த எதிர்பார்ப்பில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுப்பதுதான்.

பெயர்க் காரணம்? 'ரோலர்' பகடை உருட்டுபவர் என்பது வழக்கமாகச் சொல்லும் விளக்கம். போக்கர் மேசையில் ஏமாளி ஆட்டக்காரரை மீன் என்பார்கள். மீனே இப்படியென்றால், கேசினோ வலை வீசும் மிகப் பெரியது திமிங்கலம்தானே!

அசல் உதாரணம் வேண்டுமா? ஜப்பானின் நிலவணிகர் அகியோ காஷிவாகி 1990இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் பாக்கராவில் ஓர் ஆட்டத்துக்கு 2,00,000 டாலர் கட்டினார். முதல் முறை ஜெயித்தார், அடுத்த முறை சுமார் 1 கோடி டாலர் விட்டார். 1992இல் கொலையானபோது பல கேசினோக்களுக்குக் கடன் பாக்கி இருந்தது.

அப்புறம், தள்ளுபடியையும் கணக்கில் சேருங்கள். திமிங்கலத்தை இழுக்க, தோற்ற பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாக கேசினோவே பேரம் பேசும். டான் ஜான்சன் என்ற அமெரிக்கர் பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டம் ஆட இப்படி 20 சதவீதம் கேட்டு வாங்கினார். விதிகளையும் தனக்கு வசதியாகத் தளர்த்தச் சொன்னார். பெருக்கிப் பார்த்தால் சாதகம் அவர் பக்கம் சாய்ந்திருந்தது. 2011 வாக்கில் அட்லாண்டிக் சிட்டியின் மூன்று கேசினோக்களில் சுமார் 1.5 கோடி டாலர் அள்ளினார்.